துறைமுகத்து ஒலிபெருக்கி

அலுவலகத்தில் எல்லோரையும் கப்பல் சுற்றுலா கூட்டி வந்தார்கள். கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் ஊர் பார்க்க இறங்கியதும், "வேன்ல இடமில்ல மாரி, பின்னால வந்துரு" என்று ரோகிணி கதவை இழுத்துச் சாத்தினாள். நான் கெஞ்சவில்லை. பின்னால் எந்த வேனும் வரவில்லை. பகல் முழுவதும் கப்பலுக்கு எதிரே, இளநீர் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் திரும்பியவர்கள் சிரித்துக்கொண்டே கப்பலில் ஏறிக்கொண்டார்கள். ஒருத்தரும் என்னைத் தேடவில்லை. புறப்படும் நேரத்தில், இன்னும் ஏறாதவரின் பெயரை ஒலிபெருக்கி கூப்பிட்டது: "மிஸ் மாரிச்செல்வி காளிமுத்து." காளிமுத்து என் அப்பா. ஊரில் நண்டுசிண்டுகூட அவரை டேய் என்றுதான் கூப்பிடும். இங்கே துறைமுகம் முழுக்க அவர் பெயர்.

"உங்கட பேரே பிள்ளை? கெதியா ஓடுங்கோ, கப்பல் போயிடும்" என்றார் இளநீர்க்காரர்.

"இருங்கண்ணே. இன்னொரு தடவை கூப்பிடட்டும்."