கட்டம் போட்ட சட்டை

"உங்கப்பாவுக்கு முன்கட்டடமே போதும். வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்க ஆள் இருந்தா சரி. பின்கட்டடம் ஞாபகம் சுத்தமா போனவங்களுக்கு," என்றார் முதியோர் இல்லத்தின் மேலாளர் அம்மாள்.

"இல்ல மேடம், ஒரு மாசமா ரொம்ப மோசம். செருப்பைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ்ல வைக்கிறார்," என்றான் மகன்.

பெரியவரின் கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. பின்கட்டடத் தோட்டத்து பெஞ்சில், கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன சொகுசு! பெரியவருக்கு வயிறு பற்றியெரிந்தது.

"ஐயா, இவர் யாரு?" மேலாளர் மகனைக் காட்டினார்.

"குழாய் ரிப்பேர் பண்ண வந்தவன். இன்னும் ஒழுகுதுப்பா!"

மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பின்கட்டடத்துலயே சேர்த்துக்குங்க மேடம்."

உதவியாளர் கைத்தாங்கலாக அழைத்துப்போனார். தோட்டத்துக்குள் நுழைந்ததும் பெரியவர் அவர் கையை உதறிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பெஞ்சில் சட்டைக்காரருக்கும் பக்கத்திலிருந்த ஒரு வயதான அம்மாளுக்கும் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"தள்ளி உக்காருய்யா! போன மாசம் இவளைப் பார்க்க வந்தப்பவே உன்னைக் கவனிச்சேன். நான் கட்டின பொண்டாட்டிகிட்ட உனக்கென்ன இளிப்புன்னு கேக்கத்தான், பெத்த புள்ளையையே யாரோன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்!"

"என்னங்க..." என்றாள் அந்த அம்மாள்.

எத்தனை நாளாயிற்று இதைக் கேட்டு! பெரியவர் ஆசையாகத் திரும்பினார்.

அவளோ அவரைத் தாண்டி எட்டி, சட்டைக்காரரின் தோளைத் தொட்டாள்.

"என்னங்க, இவருக்குக் கொஞ்சம் இடம் விடுங்க. பாவம், எல்லாம் மறந்துபோச்சு போல."