விரலில் ஒட்டிய பிளாஸ்திரி

எதிரணிக் கோச் பந்து வீசவிருந்த அவள் விரலைச் சுட்டிக்காட்டிக் கத்தியதும், நடுவர் "டைம்!" என்று இரு கைகளையும் உயர்த்தியபடி அவளிடம் நடந்து வருகிறார். சாய்வெயிலில் சாஃப்ட்பால் மைதானத்துத் தூசு அவருக்கு முன்னால் வருகிறது. எதிரணிக்காரியின் மட்டைக்குச் சிக்காமல் அவள் இன்னும் ஒரு ஸ்ட்ரைக் வீசினால் கோப்பை அவள் அணிக்கு.

"பந்து வீசுற விரல்ல பிளாஸ்திரி இருக்கக் கூடாது. எடு."

அவள் முகம் சிவக்கிறது. "காலையில காய் நறுக்கும்போது வெட்டிக்கிட்டேனே, ஊதி ஊதி ஒட்டிவிட்டது யாரு? நீங்கதானே?"

"அது வீட்ல. அங்க நான் உன் புருஷன்."

"அப்போ இங்க?"

"அக்கா, மாமாவுக்கு இன்னிக்கு பட்டினிதான்!" என்று பின்னாலிருந்து அவள் அணிக்காரி ஒருத்தி குரல் கொடுக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிளாஸ்திரியைப் பிய்க்கிறாள். காயம் சுரீரென்று எரிகிறது. பிய்த்ததை அவருடைய மார்புக் கவசத்தில் அறைந்தாற்போல் ஒட்டுகிறாள். அவர் அதைத் தட்டிவிடவில்லை. அப்படியே திரும்பிப் போய், பந்தைப் பிடிக்க உட்கார்ந்திருக்கும் கேட்சருக்குப் பின்னால் குனிந்து, "ப்ளே!" என்கிறார். கேட்சர் விரித்துக் காட்டும் கையுறையை அவள் பார்க்கவே இல்லை. கறுப்புக் கவசத்தில் தெரியும் அந்தச் சின்னத் துண்டையே குறியாக முறைத்தபடி பந்தை வீசக் கையைச் சுழற்றுகிறாள்.