குளவியின் முழங்கால்

"பறக்கிற குளவியோட முழங்காலப் பாத்தே அது எந்த வம்சம்னு சொல்லிப்புடுவேன். கையில டீ கிளாஸ். வெறுங்கண்ணு."

கருவூல வாசலில் ஓய்வூதியர் வரிசை மொத்தமும் சிரித்தது.

எள்ளில் பாதி இருக்கும் அந்தக் குளவி. அதற்கு முழங்கால் உண்டு என்பதே பலருக்கு இப்போதுதான் தெரியும்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி, மடியில் ஆதார் அட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உயிரோடிருப்பதை வருடத்துக்கு ஒரு முறை இங்கே நேரில் வந்து காட்ட வேண்டும். அப்போதெல்லாம் கலியமூர்த்தி இந்தக் கதையைச் சொல்வார். தோப்புகளில் விடுவதற்காக நல்ல குளவிகளைக் கூண்டில் வளர்க்கும் பூச்சி ஆய்வகத்தில் அவளுக்குக் கீழே பதினோரு வருடம் வேலை பார்த்தவர்.

முதல் வருடம் கதையில் மைக்ராஸ்கோப் இருந்தது. மறுவருடம் அது பூதக்கண்ணாடி ஆனது. போன வருடம் மூக்குக்கண்ணாடி. இந்த வருடம் அதுவும் போய்விட்டது. இன்னும் இரண்டு வருடம் போனால், குளவியே வந்து தையல்காரரிடம் நிற்பது போல் நின்று அளவு கொடுத்துவிட்டுப் போகும்.

"ரெண்டு குளவிங்க. அண்ணன் தம்பி கணக்கா அச்சு அசல். ஒண்ணு தென்ன ஓலையத் திங்கிற கருந்தலைப் புழுவக் கொட்டிச் சாகடிக்கும். இன்னொண்ணு அந்தப் பக்கமே போவாது. எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"நீங்களே சொல்லுங்க."

"பின்னங்கால முழங்கால் வரைக்கும் அளந்து, எறக்கை நீளத்தால வகுக்கணும். தின்னு கொழுத்தாலும் பட்டினி கெடந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. நான் பாத்த மாத்திரத்துல சொன்னேன். மேடம், கூண்டுல இருக்கறது நம்ம குளவி இல்லன்னு. ஒரு கோடி குளவி!"

"கோடியா!" என்றார் மரியதாஸ் வாத்தியார். "எண்ணுனீராக்கும்?"

"எண்ணாம?"

"யோவ், கூசாம விடுறீரேய்யா!"

மற்ற வருடங்களில் இந்த இடத்தில் யாராவது அவள் பக்கம் திரும்புவார்கள். நெசமா மேடம்?

அவள் கைப்பையில் எதையோ தேடுவாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. அவர் எப்பவும் இப்படித்தான் என்பாள்.

சிரிப்பு இரண்டு மடங்காகும். கலியமூர்த்தியும் சேர்ந்து சிரிப்பார்.

இன்று வாத்தியார் வேறொன்று கேட்டார்.

"சரி, அப்பறம்? அந்தக் குளவியத் தோப்புல கொண்டுபோயி விட்டாங்களா?"

இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.



கலியமூர்த்தி ஒரு நொடி அவளைப் பார்த்தார்.

அன்று ஆய்வகத்தில் ஒரு கட்டம் போட்ட தாள். இரண்டு பக்கமும் பென்சில் எண்கள். அவர் அதை அவள் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்றது அன்று ஒரு நாள்தான்.

தீனி நல்லா இருக்கு, குளவி பெருத்திருக்கு, அவ்வளவுதான் என்றாள். அவள் அந்தத் தாளின் மேலேயே காபி டம்ளரை வைத்தாள். அவர் ஏற்கெனவே அவிழ்த்துவிட்ட ஆயிரம் புளுகோடு இது ஆயிரத்தொன்று.

மறுநாளே கூண்டுகள் தென்னை விவசாயி அய்யாவுவின் தோப்புக்குப் போயின. இரண்டு மாதத்தில் புழு தின்று ஓலையெல்லாம் தீயில் வாட்டியது போல் பழுத்துவிட்டது. காய்ப்பு நின்ற மரங்களை அய்யாவு செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்தார்.

குளவிகளை அடித்துக்கொண்டு போய்விட்டதாக அறிக்கையில் அவள் காற்றின் மேல் பழி போட்டாள். வெளியே தப்பாகப் பேசுகிறார் என்று கலியமூர்த்தியை விதைக் கிடங்குக்கு மாற்றினாள்.

அங்கே மைக்ராஸ்கோப் கிடையாது. ஓய்வு பெறும்வரை அவர் மூட்டைகளுக்குச் சீட்டுக் கட்டினார்.

"விடுவாங்களா?" கலியமூர்த்தியின் குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. "மேடம் யாரு! நான் சொன்ன மறுநிமிசம் கூண்ட இழுத்துச் சாத்திட்டாங்க. ஒத்தக் குளவி வெளிய போவல. அய்யாவு தோப்புல இன்னிக்கும் மரத்துக்கு ஐந்நூறு காய். ஏணி வச்சாலும் எட்டாது. ஆளுங்க மேல ஏறி, அங்கயே சமைச்சுச் சாப்பிட்டு, மறுநாத்தான் எறங்குவாங்க!"

அவள் பக்கம் அவர் திரும்பவில்லை.

வாத்தியார் எழுந்து வந்து அவளைக் கும்பிட்டார்.

"புண்ணியவதிம்மா நீங்க. இந்தப் புளுகு மூட்டை சொன்னதயும் அன்னிக்கு நம்பியிருக்கீங்களே. ஒரு குடும்பத்தயே காப்பாத்திட்டீங்க."

உள்ளேயிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுடையதுதான்.

அவள் எழுந்தாள். உள்ளே போகவில்லை.

"அளந்தாரு," என்றாள்.

வரிசை திரும்பியது.

"நாலு நாள். குனிஞ்ச தலை நிமிராம. இருநூத்திப் பதினாறு குளவி. ஒண்ணுகூட நம்மளுது இல்ல. அன்னிக்கு அவர் சொன்னது அத்தனையும் நிஜம்."

"விடுங்க மேடம்," என்றார் கலியமூர்த்தி. மிக மெதுவாக. "கூப்புடுறாங்க பாருங்க."

"நான் நம்பினேன்னு சொன்னாரே. அது ஒண்ணுதான் பொய்."