ஸ்பீக்கரில் ஒரு வங்கி

எல்லா வங்கி வாசலும் ஏறி இறங்கும் வீட்டுக்கடன் தரகர், கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைக்கிறார். மற்ற வங்கிகள் கைவிரித்துவிட்டன. மிச்சம், இப்போது லைனில் இருக்கும் இது ஒன்றுதான். கடன் கேட்டு அம்மாவோடு எதிரே உட்கார்ந்திருக்கும் அவள், அலுவலக அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. முதல் சொந்த வீடும் அவள் சம்பளத்தில்தான் வர வேண்டும். ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுகிறது. “பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா தவணைய யாரு சார் கட்டுவா?” என்கிறது வங்கிக் குரல். ஓர் ஆணிடம் இதைக் கேட்பானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்குள் அம்மா கைபேசிப் பக்கம் குனிந்து, “வரன் பாத்துக்கிட்டேதாங்க இருக்கோம், வரிசையில நிக்கிறாங்க!” என்கிறாள் பெருமையாக. தரகர் தலையில் அடித்துக்கொண்டு மியூட்டை அமுக்குகிறார். “ஏம்மா, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? ஃபைலே போச்சு.” “நான் என்ன பொய்யா சொன்னேன்?” என்று அம்மா மகளைப் பார்க்கிறாள். மகள் பார்வையைத் திருப்பவில்லை. “எத்தன வாட்டி சொல்லிட்டேன், வேணாம்னு. நீதான் காதுலயே வாங்கல.” ஜன்னல் கண்ணாடி லாரிச் சத்தத்தில் அதிர்கிறது. “ஹலோ, ஹலோ” என்று குரல் அவசரப்படுகிறது. அம்மா தானே பொத்தானைத் தேடி மியூட்டை எடுக்கிறாள். “அவளுக்குக் கல்யாணமே வேணாமாங்க,” என்கிறாள். “சொந்தக்காரங்க யாருக்கும் இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.”