இரைச்சல்

“த்தூ!” என்று வாசல் பக்கமாகத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள் மங்கம்மாள். “இன்னொரு தபா போடும்மா” என்றாள்.

காவியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகத் தினமும் இதே கூத்து. வேறு வழியில்லாமல் லேப்டாப்பில் அந்த ஃபைலைத் தட்டினாள்.

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. ஜவ்வாது மலைக்காரர்களின் பழைய போட்டோ, பாட்டு, பேச்சு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாக்க ஓர் அறக்கட்டளை அதை எடுத்திருந்தது. போளூர்ப் பெண்ணான காவியாவுக்கு அங்கே வேலை.

மங்கம்மாள் கேட்க வருவது, போன மழைக்காலத்தில் செத்துப்போன அவள் புருஷன் கோபால்சாமியின் பேச்சை. ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ வந்து, அவன் வீட்டு வாசலில் வைத்துச் சாமை விவசாயத்தைப் பற்றிப் பேசச் சொல்லிப் பதிவு செய்தது. சாமையைப் பற்றி அந்த ஆள் பேசியது கொஞ்சம்தான்.

“களையெடுக்கிறது, குத்துறது எல்லாம் பொட்டச்சிங்க வேல” என்றது ஸ்பீக்கரில் கரகரத்த குரல். “செய்யலன்னா நாலு சாத்து சாத்தணும், அப்பத்தான் வழிக்கு வருவாளுங்க. எம் பொண்ணு படிக்கணும்னு ஒரே அழுவ. புக்கு, பையி, போட்டோ எல்லாத்தையும் தூக்கி அடுப்புல போட்டேன். ஒழிஞ்சுது சனியன். வர்ற தையில கட்டிக் குடுத்துருவேன்.”

அதற்கப்புறம் ஒரு காறல். பீடி பற்றவைக்கத் தீக்குச்சி உரசும் சத்தம். பின்னால் எங்கோ உலக்கை இடிபட, யாரோ “பா... பா...” என்று கோழியைக் கூப்பிட, கோழிகள் கொக்கரித்துக்கொண்டு ஓடின.

சொன்னபடியே கட்டிக் கொடுத்தான். மறு வருஷமே அந்தப் பெண் சசிகலா பிரசவத்தில் போய்விட்டாள். டீக்கடையில் இதைக் கேள்விப்பட்டதிலிருந்து, அந்தக் குரலே காவியாவுக்கு ஆகாமல் போனது.

மங்கம்மாளோ அந்தக் காறலுக்கே காத்திருந்தவள் போல முன்னால் சாய்ந்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பேச்சு மறுபடி தொடங்கியதும் நிமிர்ந்தாள். “நிறுத்தும்மா. அந்த பீடி பத்த வெக்கிற எடத்துலேர்ந்து போடு.”

வெட்கங்கெட்ட ஜென்மம் என்று நினைத்தாள் காவியா. பெற்ற மகளின் வாழ்க்கையைக் கரியாக்கினவன் பீடி இழுப்பதைக்கூட இப்படி உருகி உருகிக் கேட்க ஒருத்தியால் முடியுமா? அந்த ஆளைவிட இவள்மேல்தான் அருவருப்பு அதிகமாக வந்தது.

“ஏங்க்கா, உங்கள அடிச்ச ஆளுதான?”

“அடிச்சானாவா?” மங்கம்மாள் முழங்கையை நீட்டிக் காட்டினாள். அது நேராக நிமிரவில்லை. “வெறகுக் கட்ட ஒடிஞ்சு போற அளவுக்கு அடிச்சான்மா.”

“பின்ன இன்னாத்துக்கு தெனமும் மலையேறி எறங்கி வந்து இத கேக்குறீங்க?”

“வேற எங்க இருக்குது? இதுல மட்டுந்தானம்மா இருக்குது.”

காவியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மங்கம்மாள் போனதும் வேலூரில் இருக்கும் மேலதிகாரி ஜீவானந்தத்துக்குப் போன் போட்டாள். “சார், அந்த சாமை ரெக்கார்டிங்ல அந்த ஆளு பேசுறது ரொம்ப அசிங்கமா இருக்கு. வெட்டி எறிஞ்சிடட்டுமா?”

“பேச்சுல கைவெக்காதம்மா, அதுதான் வரலாறு” என்றார் ஜீவானந்தம். “பின்னாடி கோழி, உலக்கைன்னு ஒரே இரைச்சலா இருக்கு பாரு, அத சுத்தம் பண்ணி ஏத்து. பழச அழிச்சிடு, டிஸ்க்ல எடம் இல்ல.”

சாக்கடைக்குப் பன்னீர் தெளிக்கிற வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே காவியா செய்து முடித்தாள். பேச்சு இல்லாத இடங்களை முழுசாக ஊமையாக்கினாள். பழைய ஃபைலை மிச்சம் மீதி இல்லாமல் அழித்தாள். அந்தப் பொம்பளைக்கு அவள் புருஷன் குரல் வேண்டும், அவ்வளவுதானே? சுத்தமாகவே கேட்கட்டும்.

மறுநாள் மங்கம்மாள் மடியில் சீத்தாப்பழங்களைக் கட்டிக்கொண்டு வந்தாள். பழுத்ததாக நாலைந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். “தின்னும்மா. தெனமும் உனக்கு தொந்தரவு குடுக்குறேன்.”

காவியா ஃபைலைத் தட்டினாள். கோபால்சாமியின் குரல் எதிரில் உட்கார்ந்து பேசுவது மாதிரி அறை முழுக்க நாறியது. ‘ஒழிஞ்சுது சனியன்’ வந்ததும் மங்கம்மாள் வழக்கம்போல வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு, அவசரமாக ஓடிவந்து ஸ்பீக்கரில் காதை வைத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

“இன்னாம்மா, நின்னுபோச்சா?”

“நிக்கலக்கா. குறுக்க வந்த இரைச்சலெல்லாம் எடுத்துட்டேன். இனிமே உங்க வூட்டுக்காரர் குரல் மட்டும் துல்லியமா கேக்கும்.”

“பழசு இருக்குதுல்ல? அத போடு.”

“அழிச்சிட்டேங்க்கா.”

மங்கம்மாள் இரண்டு கையாலும் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள்ளிருந்து கோபால்சாமி மறுபடி பேசத் தொடங்கினான். அவள் உதடு கோணியது.

“இந்த நாயி பேச்சு யாருக்கும்மா வேணும்?” என்றாள். “அங்க கோழிய கூப்ட்டது எம் பொண்ணு.”