தங்கைக்குத் தந்த தையல் மிஷின்

கரமனையில் தங்கை ஜெபமலரின் வீட்டு ஷெட்டுக்குள் நுழைந்த பிரஜினுக்கு ரத்தம் கொதித்தது. கல்யாணத்துக்கு அவன் வாங்கித்தந்த தையல் மிஷின் மூலையில் கிடந்தது. அதன் கால் பெடலோ, மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க வெல்டிங் மிஷினில் இணைக்கப்பட்டு, முகமூடி மாட்டி வெல்டு வைத்துக்கொண்டிருந்த ஆளின் காலடியில் இருந்தது.

“ஜெபமலருக்க மிஷினப் பிடுங்கி கூலிக்காரனுக்குக் குடுத்தியாலே?”

“மச்சான், ஒரு நிமிஷம்...” என்ற தங்கை கணவன் அனூப்பின் வாயிலேயே குத்து விழுந்தது. உதடு கிழிந்தது. அடுத்த குத்தில் பல் தெறித்தது. கீழே விழுந்தவனின் விலாவில் பிரஜின் ஓங்கி மிதித்தான்.

வெல்டிங் வெளிச்சம் அணைந்தது. கையுறை போட்ட கை பிரஜினின் கன்னத்தில் பளாரென்று இறங்கியது. முகமூடி மேலே போனது.

ஜெபமலர்!

“‘வேண்டாம், உங்க அண்ணன் ஆசையா தந்ததாக்கும்’னு கெஞ்சினது இவரு. பிடுங்கினது நான்!”