துரையின் முன்னங்கால்

நகவெட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நாயின் முன்னங்காலைக் கையில் எடுத்தவன், வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்தான்.

பக்கத்துக் காலையும் எடுத்துப் பார்த்தான். அதுவும் அப்படியே. மொழுக்கென்று இருந்தது.

துரைக்கு நகம் வெட்டுவது எல்லாராலும் ஆகிற காரியம் இல்லை. பெயர்தான் துரை என்றில்லை, நடப்பும் அப்படித்தான். நகம் அத்தனையும் கன்னங்கரேல். வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே ஓடும் சதை சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பு நகத்தில் அந்த வசதி கிடையாது. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு சின்னப் புள்ளி தென்பட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஓர் இழை போனால் ரத்தம்.

அவன் மனைவி ஒருமுறை அந்த ஓர் இழை போனவள். அன்று துரை போட்ட கூச்சலில், இனி இந்தச் சனியனைத் தொடமாட்டேன் என்று நகவெட்டியை வீசி எறிந்தாள். அதற்குப் பிறகு துரை அவன் ஒருவனுக்குத்தான் காலைக் கொடுக்கும். மாட்டாஸ்பத்திரி டாக்டர் கேட்டால்கூட உறுமும்.

அவள் தனியாகப் போய் எட்டு மாதம் ஆகிறது. பாத்திரம் பண்டங்களைப் பிரித்துக்கொள்ள முடிந்தது, துரையைப் பிரிக்க முடியவில்லை. மூன்று வாரம் அவள் வீட்டில், மூன்று வாரம் அவன் வீட்டில். நேற்றும் அவள் படியேறவில்லை. கீழேயே நின்று சங்கிலியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கான மனுவில் அவள் கையெழுத்துப் போட்டாயிற்று. அவனுடைய இடம் மட்டும் காலி. நாளைக்குக் கொண்டுவரச் சொல்லி வக்கீல் கெடு வைத்திருந்தார்.

அப்படியானால் இந்த மூன்று வாரத்தில் துரை யார் கையில் காலைக் கொடுத்தது?

ஒருத்தன்தான் நினைவுக்கு வந்தான். அவள் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழ்வீட்டு எக்ஸ்ரேக்காரன். அவன் காதைச் சொறிந்துவிட, துரை கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போய் நின்றதை இவனே ஒரு நாள் பார்த்திருக்கிறான். ரொம்பப் பொறுமைசாலி என்று அவள் வேறு சொன்னாள். இவனிடம் எது இல்லையோ அதைத்தான் அவள் அடுத்தவனிடம் கண்டுபிடிப்பாள்.

எக்ஸ்ரேக்காரனுக்கு என்ன, கறுப்பு நகத்துக்குள்ளேயும் சதை தெரியும்.

மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பது இவன் தொழில். வெட்டியதா தேய்த்ததா என்பது விரல் நுனியிலேயே தெரிந்துவிடும். தடவிப் பார்த்தான். வெட்டியது இல்லை. தேய்த்தது.

வெட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், ஐந்து நிமிஷத்து வேலை. அரம் வைத்துத் தேய்ப்பதென்றால் அரை நாள் பிடிக்கும். அவ்வளவு நேரமும் அவள் வீட்டுக் கூடத்தில் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். துரையின் தலை அவள் மடியில். அவள் ஏதோ சொல்கிறாள், அவன் சிரிக்கிறான். முடித்துவிட்டுக் கை கழுவியவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்திருப்பாள்.

நாயைப் பிடித்து நாலு வார்த்தை திட்டினான். துரை கொட்டாவி விட்டது.

நாளை வரைக்கும் எதற்கு, இப்போதே போட்டுத் தொலைத்தால் என்ன என்று மனுவை எடுத்து மேசையில் விரித்தான். பேனாவையும் திறந்துவிட்டான். ஆனாலும் அவள் வாயாலேயே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்போல் இருந்தது.

போன் செய்தான். துரைக்கு மாத்திரை கொடுத்தாயா, சாப்பாடு எப்படி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போய், கடைசியில் போகிறபோக்கில் கேட்பதுபோல, நகம் தேய்த்துவிட்டது யார் என்று கேட்டான்.



"யாரும் தேய்க்கல. நடந்து நடந்து தானா தேஞ்சிருக்கும். சாயங்காலம் ஆனா போதும், உங்க தெருவுக்குத்தான் என்னை இழுத்துக்கிட்டு ஓடுது. முனையில வந்து நின்னு, மாடியில லைட் எரியுதான்னு பார்த்துட்டுத்தான் திரும்புது. நான் என்ன பண்றது?"

அவள் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். போக வர ஒன்றரை மணி நேரம், முழுக்க சிமெண்ட் ரோடு.

எக்ஸ்ரேக்காரன் மனசில் இருந்த இடம் தெரியாமல் போனான். இவன் துரையை வாரி மடியில் போட்டுக்கொண்டான். சோறு போட்டுக் கூடவே வைத்திருக்கிறவளை விட்டுவிட்டு, தினமும் இவனைத் தேடி ஓடி வந்திருக்கிறது. அவளுக்கு அது எவ்வளவு எரிந்திருக்கும் என்று நினைக்க நினைக்க இவனுக்கு இனித்தது.

அந்தச் சந்தோஷத்தோடு பின்னங்காலைத் தூக்கினான்.

பின்னங்கால் நகங்கள் நீண்டு வளைந்து கிடந்தன. ஒன்றுகூடத் தேயவில்லை.

இழுத்துக்கொண்டு ஓடுகிற நாய் பின்னங்காலை உந்தித்தான் ஓடும். முதலில் தேய்வது அந்த நகம்தான்.

முன்னங்கால் நகம் மட்டும் தேய்வது எப்போது என்பதும் அவனுக்குத் தெரியும். குளிப்பாட்டக் கூப்பிட்டால் துரை அப்படித்தான் செய்யும். வரமாட்டேன் என்று முன்னங்கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொள்ளும். சங்கிலியைப் பிடித்து இழுக்க இழுக்க, நகம் தரையில் கோடு கிழித்துக்கொண்டே வரும்.

தினமும். பாலத்தைத் தாண்டி, அவ்வளவு தூரமும்.

அவனைத் தேடி வந்தது துரை இல்லை.